தொலைந்த காசுகளும் சார்லஸ் மேசனும்

நண்பர்களே, என் பழைய காசு டப்பா தொலைந்துபோய், இரண்டு மாசம் கழித்துப் பரணில் கிடைத்தது. ஆனால் எந்தக் காசை யார் தந்தாங்கன்னு எனக்கே மறந்துபோச்சு! அப்போதுதான் சார்லஸ் மேசனைப் பற்றிப் படித்தேன். ஹரப்பா பாடத்தில் வருவாரே, அவரேதான்.

1800-ல் லண்டனில் பிறந்த அவருடைய நிஜப் பெயர் ஜேம்ஸ் லூயிஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படையில் சிப்பாய். 1827-ல் யாருக்கும் சொல்லாமல் ஓடிப்போய், பெயரை மாற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். அப்படிப் போனபோது பார்த்ததுதான் ஹரப்பா மேடு.

1833 முதல் காபூலுக்கு வடக்கே உள்ள பெக்ராமில் பல்லாயிரம் பழங்காசுகளைச் சேர்த்தார். சில காசுகளில் ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் கரோஷ்டி எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் ஜேம்ஸ் பிரின்செப் போன்ற அறிஞர்கள் கரோஷ்டியைப் படித்தார்கள். அவர் ஓடிப்போன குற்றத்துக்கு 1835-ல் மன்னிப்பும் கிடைத்தது.

1853-ல் மேசன் இறந்தார். கம்பெனியின் லண்டன் மியூசியத்தை 1879-ல் மூடியபோது அவருடைய காசுகள் சிதறிப்போயின. சில விற்கப்பட்டன. மீதி எங்கேன்னு ரொம்பக் காலம் யாரும் கவனிக்கவில்லை. 1995-ல் பிரிட்டிஷ் நூலகத்திலிருந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பல ஆயிரம் காசுகள் வந்தன. அதில் மேசனுடையவையும் கலந்து கிடந்தன! அவற்றை அடையாளம் காண உதவியது எது தெரியுமா? அவர் எழுதி வைத்த குறிப்புகளும் வரைந்த படங்களும்தான்.

இப்போது என் டப்பாவோடு ஒரு நோட்டும் இருக்கிறது. காசு சேர்க்கும் நண்பர்களே, நீங்களும் இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள்!