மூன்று முறை தட்டப்பட்ட கதவு

1890களில் ஒருநாள் இரவு. தமிழகத்தின் திண்டிவனம் என்னும் ஊரில், ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் தம் வீட்டில் அமர்ந்திருந்தார். அவர் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் படித்தவர். அவருடைய தாத்தாவும் தந்தையும் தமிழகத்தில் மருத்துவத் தொண்டு செய்தவர்கள். ஆனால், ஐடாவுக்கு அந்த வாழ்க்கையில் நாட்டமில்லை. நோயுற்ற தாயைக் கவனிக்கவே அவர் வந்திருந்தார். விரைவில் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட எண்ணியிருந்தார்.

கதவு தட்டப்பட்டது. வாசலில் நின்றவர், பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு ஐடாவை வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும் மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவது வழக்கமில்லை என்று சொல்லி, வந்தவர் திரும்பிச் சென்றார். அதே இரவில் மேலும் இருவர் அதே வேண்டுகோளுடன் வந்தனர். மூவரும் வெவ்வேறு சமூகத்தினர். எனினும், ஆண் மருத்துவரை மூவருமே மறுத்தனர். பொழுது விடிந்தபோது அந்த மூன்று பெண்களும் உயிருடன் இல்லை.

அந்த இரவு ஐடாவின் வாழ்க்கையை மாற்றியது. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்ற அவர், 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூருக்குத் திரும்பி, தந்தையின் வீட்டில் ஒரே ஒரு கட்டிலுடன் சிகிச்சையைத் தொடங்கினார். முதலில் பெண்கள் வரத் தயங்கினர். பின்னர் கூட்டம் பெருகியது. 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

ஆனால், மருத்துவமனை மட்டும் போதாது என்பதை ஐடா விரைவில் உணர்ந்தார். கிராமத்துப் பெண்கள் வீட்டையும் வயலையும் விட்டு நெடுந்தூரம் வர முடியவில்லை. எனவே, மருத்துவமே அவர்களைத் தேடிச் சென்றது. குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் வண்டியை நிறுத்தி, மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தார். 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார்.

எத்தனை ஊர்களுக்குத்தான் ஒருவரே செல்ல முடியும்? இந்நாட்டுப் பெண்களையே மருத்துவர்களாக்குவதுதான் வழி என்று ஐடா முடிவு செய்தார். பெண்கள் படிக்க முன்வருவார்களா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது, எதிர்பார்த்ததைவிடப் பலர் விண்ணப்பித்தனர். முதலாண்டு அரசுத் தேர்வு எழுதிய மாணவியர் அனைவரும் தேர்ச்சி பெற்றனர். ஐயுற்றவர்களுக்கு அதுவே விடையாக அமைந்தது.

1938இல் புதிய சோதனை வந்தது. மருத்துவக் கல்விக்குப் பட்டப்படிப்பு கட்டாயமானதால், பள்ளியைக் கல்லூரியாக உயர்த்தப் பெரும்பொருள் தேவைப்பட்டது. எழுபது வயதை எட்டிய ஐடா, ஓய்வெடுக்காமல் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். கல்லூரி நிலைத்தது. 1947 முதல் ஆண் மாணவர்களும் அங்கே சேர்க்கப்பட்டனர்.

1960ஆம் ஆண்டு கொடைக்கானலில் ஐடா அம்மையார் காலமானார். ஒரு கட்டிலுடன் தொடங்கிய அவருடைய பணி, இன்று வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அன்று மூன்று வீடுகளுக்கு ஒரு பெண் மருத்துவர்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தாம் ஒருவர் மட்டும் மருத்துவரானால் தீர்க்க முடியாது என்று உணர்ந்து, பிற பெண்களையும் உருவாக்கியதே ஐடா அம்மையாரின் பெருமை.