நகரங்களைத் தாளில் கொண்டுவந்தவர்

பழைய டச்சு நகரப் படம் ஒன்றை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். மேலைநாட்டு வீடுகளில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். ஊரைச் சுற்றி அகழி. உள்ளே கால்வாய்கள், பாலங்கள், வரிசை வரிசையாய் வீடுகள், துறையில் கப்பல்கள். பறக்கும் பருந்தின் கண்ணுக்குத் தெரிவதுபோல் ஊர் முழுவதும் தெரியும். இத்தகைய படங்களில் மிகச் சிறந்தவற்றை வெளியிட்டவர் யோவான் பிளாவ்.

இவர் ஹாலந்தில் ஆல்க்மார் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் வில்லெம் பிளாவ் மீன் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. மீன் கணக்கு எழுத மனம் ஒப்பாமல், டைக்கோ பிராஹி என்ற வானநூல் மேதையிடம் போய்ப் பயின்றார். பிறகு ஆம்ஸ்டர்டாமில் பூகோள உருண்டைகளும் வரைபடங்களும் செய்து விற்றார். யோவான் 1620-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனாலும் வக்கீல் தொழிலை நாடாமல் தகப்பனாரின் தொழிலிலேயே சேர்ந்துவிட்டார்.

1637-ல் அவர்கள் கால்வாய்க் கரையில் பெரிய அச்சகம் ஒன்றைக் கட்டினார்கள். எழுத்துகளை அச்சிட 9 இயந்திரங்கள். படங்களை அச்சிட 6. படத்தைச் செப்புத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். கோடுகளில் மை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்த வேண்டும். வர்ணம் தீட்டுவது முழுக்க முழுக்கக் கைவேலை.

மறு ஆண்டே தகப்பனார் இறந்தார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரைபட உத்தியோகமும் மகனுக்கு வந்தது. 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த அதே கம்பெனிதான்! மாலுமிகளுக்கான கடல் படங்களைக் கம்பெனி கையால் வரைவித்து ரகசியமாய் வைத்திருந்தது. ஆகவே பிளாவ் கடையில் விற்ற படங்களில் பல பழைய செய்திகளைக் கொண்டவை. அழகுக்குக் குறைவில்லை, கப்பல் ஓட்டத்தான் உதவாது.

ஸ்பெயினோடு 80 ஆண்டுகளாக நடந்த போர் 1648-ல் முடிந்தது. அடுத்த ஆண்டு பிளாவ் தமது நகரப் புத்தகத்தை வெளியிட்டார். விடுதலை பெற்ற வடபகுதிக்கு ஒரு பாகம். ஸ்பெயின் வசமிருந்த தென்பகுதிக்கு ஒரு பாகம். மொத்தம் 200-க்கு மேற்பட்ட படங்கள்! நகர மன்றங்களிடமே கேட்டு ஊர்ப் படங்களை வாங்கினார். கோட்டை மதிலையும் வாயிலையும் ஊரறியக் காட்டும் படத்தை எப்படித்தான் கொடுத்தார்களோ! ஊர்ப் பெருமை பயத்தை வென்றது போலும்.

1662-ல் 11 பாகங்களில் உலகப் படத்தொகுதி வந்தது. அதில் சுமார் 600 படங்கள். வர்ணம் தீட்டிய பிரதியின் விலை 450 கில்டர் வரை போயிற்று. சாதாரணத் தொழிலாளி ஒருவரின் ஓராண்டுக் கூலிக்கும் அது மேல். செல்வர்கள்தாம் வாங்கினார்கள். பூமியை அடுத்துக் கடலுக்கும் வானத்துக்கும் தொகுதிகள் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

1672 பிப்ரவரியில் அவருடைய அச்சகம் தீப்பிடித்தது. தகடுகள், தாள்கள், புத்தகங்கள் என்று பெரும் பகுதி எரிந்து போயிற்று. அதே ஆண்டு பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் புகுந்தது, அரசியல் தலைகீழாயிற்று. நகர மன்றத்தில் அவருக்கிருந்த பதவியும் பறிபோனது. 1673-ல் பிளாவ் காலமானார். கடலும் வானமும் அச்சேறவே இல்லை.

மிஞ்சிய தகடுகளை ஏலத்தில் விட்டார்கள். பிரெடரிக் தெ விட் என்ற வியாபாரி நகரத் தகடுகள் பலவற்றை வாங்கி, தம் பெயரில் அச்சிட்டு விற்றார். பிற்காலத்து வியாபாரிகள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். புத்தகத்தை முழுதாக விற்பதைவிட, ஒவ்வோர் ஏடாக அறுத்து விற்றால் லாபம் அதிகம் என்று கண்டுகொண்டார்கள். இன்று சுவரில் தொங்கும் அசல் படங்களில் பல அப்படிப் பிரிந்த ஏடுகளே. சட்டத்தைக் கழற்றித் திருப்பினால், பின்பக்கத்தில் அந்த ஊரைப் பற்றிய விவரம் லத்தீனிலோ டச்சு மொழியிலோ அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம்.