400 அடி ஆழச் சுரங்கத்தில் இறங்கிய அம்பேத்கர்... ஆம்பூர் டேனரிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு இஎஸ்ஐ கார்டு பழக்கமான விஷயம். அந்தத் திட்டத்துக்கு ஆரம்பப் புள்ளி வைத்தவர்களில் அம்பேத்கரும் ஒருவர். அரசியல் சட்டத்துக்கு முன்பே, நான்கு ஆண்டுகள் நாட்டின் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அவர்.

1891-ல் மோவ் ராணுவ முகாமில் பிறந்தார். செத்த மாட்டைத் தூக்கிப் போடும் வேலை யார் தலையில் கட்டப்பட்டதோ, அந்த மகர் சமூகம். கொலம்பியா, லண்டன் என்று படித்துவிட்டு வந்த பிறகும், மும்பை பரேலில் மில் தொழிலாளர்கள் நடுவே ஒண்டுக்குடித்தனத்தில்தான் பல வருஷம் இருந்தார்.

1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். இன்றைய கணக்கில் மத்திய அமைச்சர் மாதிரி. அடுத்த மாதமே டெல்லியில் அரசு, முதலாளி, தொழிலாளி என மூன்று தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

1943 டிசம்பரில் தன்பாத் போனார். அதிகாரிகள் தரும் ரிப்போர்ட்டே போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் சுமார் 400 அடி ஆழம் இறங்கி, நிலக்கரி வெட்டுவதை நேரில் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளையும் சுற்றிப் பார்த்தார். 1944 ஜனவரியிலேயே நிலக்கரித் தொழிலாளர் நல நிதிக்கு அவசரச் சட்டம் வந்துவிட்டது.

எல்லாமே சாதனை என்று சொல்லிவிட முடியாது. பெண்கள் சுரங்கத்துக்குள் வேலை செய்ய இருந்த தடை, போரைக் காரணம் காட்டி 1943-ல் நீக்கப்பட்டது அவர் காலத்தில்தான். கடும் எதிர்ப்பு கிளம்பியது. 1946 பிப்ரவரியில்தான் தடை திரும்பி வந்தது.

அதே 1946-ல், தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 ஆகக் குறைந்தது. இதுவும் பாதுகாப்பு விஷயம்தான். அசந்துபோன கை மிஷினுக்குள் போக ஒரு நொடி போதும். 1943-ல் பேராசிரியர் அடார்கரிடம் ஒப்படைக்கப்பட்ட உடல்நலக் காப்பீட்டு ஆய்வுதான் 1948-ல் இஎஸ்ஐ சட்டத்துக்கு அடித்தளம் ஆனது.

1948 தொழிற்சாலைகள் சட்டம் வந்தபோது துறை அவரிடம் இல்லை. ஆனால் டேனரிகளுக்கு உயிர்நாடியாக இருந்தது அதன் 36-வது பிரிவு. தோலில் முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய், நாற்றம்கூடத் தெரியாது. மயங்கி விழுந்தவரைத் தூக்கக் குதிக்கிறவரும் சேர்ந்து சாவது இப்படித்தான்.

அதனால் அந்தப் பிரிவு சொன்னது இது: முதலில் வாயுவை வெளியேற்ற வேண்டும். அதன்பிறகு உள்ளே ஆபத்து இல்லை என்று தகுதியானவர் சோதித்து எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால், இறங்குபவர் சுவாசக் கருவியும் பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும். பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனை தொட்டிக்கு வெளியே நிற்கும் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.