தொடாமல் இசைத்த தெரமின்



பேய்ப் படம் பார்க்கும்போது கண்ணை மூடினாலும் பயம் போகாது. காதையும் பொத்தணும். ஏன்னா பாதி பயம் இசையில்தான் இருக்கு! பழைய அமெரிக்கப் பூதப் படங்களில் மனுசக் குரல் மாதிரி நடுங்கும் ஒரு மின்னணு இசை வரும். அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் லியோன் தெரமின்.

இவர் 1896-ஆம் ஆண்டு ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். செல்லோ வாசிக்கக் கற்றார். இயற்பியலும் படித்தார். 1920 வாக்கில் ஆய்வுக்கூடத்தில் வாயுக்களை அளக்க ஒரு கருவி செய்தார். கை கிட்டப் போனால் அதன் ஒலி மாறியது. வேற யாராவது இருந்தா விட்டிருப்பாங்க. இவர் அதையே இசைக்கருவி ஆக்கினார்!

அதன் பெயரும் தெரமின்தான். ஒரு பெட்டி, இரண்டு ஆன்டெனா. வலது கை நேர்க்கம்பி கிட்டப் போனால் சுருதி ஏறும். இடது கை வளையத்துக்குக் கிட்டப் போனால் சத்தம் குறையும். எதையும் தொடவே வேண்டாம்.

1922-ல் லெனினுக்கு வாசித்துக் காட்டினார். 1927-ல் வெளிநாடு போய் அமெரிக்காவில் புகழ் பெற்றார். 1938-ல் ரஷ்யா திரும்பினார். அவர் மனைவி, நடனக் கலைஞர் லவீனியா வில்லியம்ஸ், அமெரிக்காவிலேயே இருந்தாங்க. அப்புறம் இருவரும் பார்த்துக்கவே இல்லை.

1939-ல் ஸ்டாலின் அரசு இவரைக் கைது செய்து, கடுங்குளிர் கோலிமா முகாமுக்கு அனுப்பியது. பிறகு கைதி விஞ்ஞானிகள் வேலை செய்யும் ரகசிய ஆய்வுக்கூடத்தில் வைத்தது. அங்கே பேட்டரி இல்லாத ஒட்டுக்கேட்கும் கருவி செய்தார். 1945-ல் ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதருக்குப் பரிசளித்த மரச் சின்னத்துக்குள் அது ஒளிந்திருந்தது. 1952 வரை யாரும் கண்டுபிடிக்கலை! பாவம், அந்தப் பிள்ளைகள்!

1947-ல் விடுதலை கிடைத்தது. ஆனாலும் ரகசிய வேலைதான். 1951-ல் 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்டு' படத்தில் பனியில் கிடைத்த வேற்றுக்கிரகப் பூதத்துக்குத் தெரமின் ஒலித்தது. ஜனங்க தியேட்டரில் நடுங்கினாங்க. அதைக் கண்டுபிடித்தவர் செத்துட்டார்னே வெளிநாட்டில் பலர் நினைச்சாங்க!

1991-ல், 95 வயசில், மறுபடி அமெரிக்கா போனார். தெரமின் வாசிப்பதில் புகழ்பெற்ற பழைய தோழி கிளாரா ராக்மோரைச் சந்தித்தார். 1993-ல் மாஸ்கோவில் மறைந்தார்.

பூதப் படத்துப் பயம் இரண்டு மணி நேரத்தில் முடிஞ்சிடும். அவர் பட்ட பயம் பல வருஷம். ஆனாலும் கருவி செய்வதை அவர் விடவே இல்லை. தோழிகளே, ஆய்வுக்கூடத்தில் ஏதாவது புதுசா நடந்தால் பயந்து ஓடாதீங்க. கவனிச்சுப் பாருங்க!

- 9-ஆம் வகுப்பு மாணவி