சினிமா ராணி டி.பி. ராஜலட்சுமி அம்மையார்

திருவொற்றியூர் மணற்பரப்பில் திருவிழா இரவுகளில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட படங்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். திரையின் பின்புறம் அமர்ந்தோர்க்கு எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். அதனால் சுவை குன்றியதில்லை. அத்திரையில் நாம் காணக் கொடுத்து வைக்காத ஒருவரின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

ராஜலட்சுமி அம்மையார் 1911இல் திருவையாற்றில் பிறந்தார். அறியாப் பருவத்திலேயே மணம் செய்விக்கப்பட்டார், அவ்வாழ்வு நிலைக்கவில்லை. பெண்கள் மேடையேறுவதை ஊர் ஏளனம் செய்த அக்காலத்தில் நாடகக் குழுவிற் சேர்ந்து, தம் குரலாலேயே குடும்பத்தைக் காத்தார்.

1931 அக்டோபரில், தமிழின் முதற்பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ பம்பாயிலிருந்து சென்ட்ரல் நிலையம் வந்திறங்கியது. படச்சுருள் பெட்டியை மக்கள் வால்டாக்ஸ் சாலை வழியே ஊர்வலமாகக் கொண்டு சென்றனர் என்பர். யானைக்கவுனிப் பகுதியின் கினிமா சென்ட்ரல் அரங்கில் அது வெளியாயிற்று. நாயகர் தெலுங்கில் பேச, நாயகியாகிய அம்மையார் தமிழில் விடையிறுத்தார்! கைராட்டையைப் போற்றும் பாடலையும் அப்படத்திற் பாடினார்.

ஆயினும் அவர்தம் பெருஞ்சாதனை 1936இல் வெளிவந்த ‘மிஸ் கமலா’ என்பதே நம் கருத்து. தாம் எழுதிய நாவலைத் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். தமிழ்ப் படத்தை இயக்கிய முதற்பெண்மணி அவரே. மகளுக்கும் கமலா என்றே பெயர் சூட்டினார். பெண் சிசுவாகப் பிறந்ததனால் கொல்லப்படவிருந்த குழந்தையொன்றை மீட்டு வளர்த்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

1964இல் அம்மையார் மறைந்தார். அதே ஆண்டில்தான் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது. ‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ இரண்டும் இன்று எங்கும் கிடைத்தில. எளிதில் தீப்பற்றும் அக்காலச் சுருள்களில் அழிந்தவை பல. வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் பல.

அமெரிக்கக் கறுப்பினப் பெண் இயக்குநர் காத்லீன் காலின்ஸ் 1982இல் ‘லூசிங் கிரவுண்ட்’ என்னும் படத்தை எடுத்தார். அது அரங்குகளில் முறையாக வெளிவருமுன்னரே, 1988இல், 46 வயதில் மறைந்தார். மூலச்சுருளை அவர் மகள் மீட்டெடுக்க, 2015இல் அது நியூயார்க்கில் திரையிடப்பட்டது. இத்தகைய படங்களை இன்று அருங்காட்சியக முற்றங்களில், நம் கடற்கரைத் திரையைப் போலவே, வானத்தின் கீழ் மக்கள் அமர்ந்து காண்கின்றனர்.

அந்நாளைய தமிழ்ப் படங்கள் கடல் கடந்து இலங்கை, பர்மா, மலேயாவிற்கும் சென்றன. அந்நாடுகளில் வணிகம் செய்த குடும்பத்தார் நம் சமுதாயத்திற் பலர். அவர்தம் பரண்களிலும் பெட்டகங்களிலும் பழைய பாட்டுப் புத்தகமோ விளம்பரத் தாளோ சுருட்பெட்டியோ இருப்பின், நம் துறைக்குத் தெரிவிக்குமாறு பெரியோரை அன்புடன் வேண்டுகிறோம்.