தூக்கணாங்குருவிக்கு எதிரே உட்கார்ந்த மனிதர்

காலை நடைக்குக் கிளம்பும்போது பைனாகுலரையும் கழுத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் நம் குடியிருப்பில் கூடிக்கொண்டே வருகிறார்கள். நீளமான லென்ஸ் வாங்கியவர்களும் உண்டு. மீன்கொத்தி படம் ஒன்று வாட்ஸாப்பில் வந்தால் நாமும் கட்டைவிரலை உயர்த்திவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அவர்களுக்கும், இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சாலிம் அலி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்ம விபூஷண், மாநிலங்களவை நியமன உறுப்பினர் என்று பெரிய மனிதராக அறிந்திருப்பீர்கள். 33 வயதில் அவர் வேலை போய் நின்றவர் என்பது பலருக்குத் தெரியாது.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். பத்துக் குழந்தைகளில் கடைசி. ஒரு வயதில் தந்தையும் மூன்று வயதில் தாயும் போய்விட, தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக ஏர்கன்னால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று கேட்க, மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே கௌரவச் செயலாளராக இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரர், பையனை விரட்டாமல் மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று பெயர் சொல்லி, சங்கத்திலிருந்த பாடம் செய்த பறவைகளையெல்லாம் காட்டினார்.

கல்லூரிப் படிப்பு ஓடவில்லை. 1914இல் பர்மாவில் தவாய்க்குப் போய்க் குடும்பத்தின் சுரங்க, மரத் தொழிலைப் பார்த்தார். இடையில் பம்பாய் திரும்பி, தாவர் வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். நானும் வணிகவியல்காரன் என்பதால் இந்த இடத்தைப் படித்தபோது ஒரு சின்ன சந்தோஷம். ஆனால் அந்தப் படிப்பு அவர் தொழிலைக் காப்பாற்றவில்லை. 1918இல் தெஹ்மினாவை மணந்து, திரும்பவும் பர்மா போய், தொழில் நொடித்து ஊர் திரும்பினார். பறவை பற்றிய அரசு வேலைக்கு முயன்றால் பட்டம் இல்லை என்று கைவிரித்தார்கள்.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை, மாதம் 350 ரூபாய், கிடைத்தது. அங்கிருந்து விடுப்பில் ஜெர்மனி போய், பெர்லினில் ஸ்ட்ரெஸமான் என்ற பேராசிரியரிடம் பறவையியல் கற்றார். 1930இல் திரும்பினால், நிதி இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்திருந்தார்கள்.

செலவைக் குறைக்கக் கணவனும் மனைவியும் பம்பாயை விட்டுக் கடலுக்கு அக்கரையில் கிஹிம் என்ற கிராமத்து வீட்டுக்குப் போனார்கள். வீட்டுப் பக்கத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நீங்களும் நானும் சின்ன வயதிலிருந்து பார்க்கிற அதே குருவிதான். பனையிலும், கிணற்றின் மேல் சாய்ந்த மரத்திலும் சுரைக்குடுக்கை மாதிரி தொங்குமே, அந்தக் கூடு. ஆணும் பெண்ணும் ஒரு ஜோடி, அவர்களுக்கு ஒரு வீடு என்றுதான் எவரும் நினைப்போம். வேலையில்லாத மனிதர் அதன் எதிரே மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து, பார்த்ததை எழுதிவைத்தார்.

நடப்பது வேறாக இருந்தது. கூட்டைக் கட்டுவது ஆண். பாதி கட்டியதும், தலைக்கவசம் மாதிரி இருக்கும் நிலையில், பெண் குருவிகள் வீடு பார்க்க வருகின்றன. ஆண் சிறகடித்துக் கூவி அழைக்கிறது. பெண் உள்ளே போய்ச் சோதிக்கிறது. பிடிக்காவிட்டால் போய்விடும், பாதிக் கூடு பாதியாகவே நிற்கும். பிடித்துவிட்டால் ஆண் மீதியையும் நீள வாசலையும் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கும்போது ஆண் அடுத்த கிளையில் இன்னொரு கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணை அழைக்கிறது. (ஃபிளாட் பார்க்கப் போன அனுபவம் உள்ளவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.) இத்தனை காலமாக இந்தக் குருவியைப் பார்த்த யாரும் இதைச் சரியாகச் சொன்னதில்லை. இந்தக் கட்டுரைதான் அவர் பெயரை வெளியே தெரியவைத்தது.

பிறகு சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: சம்பளம் வேண்டாம், முகாம் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று வேலை தொடர்ந்தது. தெஹ்மினாவும் கூடவே காட்டு முகாம்களில் இருந்தார். நகர வாழ்க்கைக்குப் பழகிய பெண் கூடாரத்தில் குடித்தனம் நடத்தியதை இந்த வரலாற்றில் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 1939இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. சாலிம் அலி அதன்பின் 48 ஆண்டுகள் வாழ்ந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி குடும்பத்தோடு இருந்துகொண்டு காடுகளுக்குப் போய்வந்தார்.

1941இல் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகம், படத்தைப் பார்த்து எவரும் பறவையை அடையாளம் காண வழிசெய்தது. 1968 முதல் 1974 வரை, அமெரிக்கர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து பத்துத் தொகுதிகள் கொண்ட கையேடு வெளிவந்தது.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. சிங்கப்பூர் சினிமா அதிபர் லோக் வான் தோ, உலகப்போரின்போது இந்தியாவுக்குத் தப்பி வந்து சாலிம் அலியின் நண்பரானார். அவரோடு பயணம் செய்து பறவைகளைப் படமெடுத்தார், செலவுக்கும் கைகொடுத்தார். சாலிம் அலியோ துப்பாக்கியால் சுட்டு மாதிரிகள் சேகரித்த தலைமுறை. படமெடுக்கும் உங்களுக்கு அது உறுத்தும். ஆனால் நல்ல படம் வேண்டுமென்று கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பதும் குஞ்சின் உயிரை எடுப்பதுதான். வெயிலுக்கும் காக்கைக்கும் மறைப்பு இல்லாமல் போய்விடும்.

அவர் சொன்னதெல்லாம் சரியாகவும் இல்லை. ராஜஸ்தானில் பரத்பூர் ஏரியைக் காப்பாற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1980களின் தொடக்கத்தில் அங்கே எருமைகள் மேயத் தடை வந்தபோது அதை ஆதரித்தவர்களில் அவரும் ஒருவர். கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பின்னர் அவருடைய சங்கமே அங்கு பல ஆண்டுகள் ஆய்வு நடத்தியது. எருமைகள் இல்லாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்துவிட்டது, பறவைகளுக்கு அது கெடுதல் என்று அந்த ஆய்வு சொன்னது.

1987 ஜூன் 20 அன்று, 90 வயதில் பம்பாயில் இறந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரில் மத்திய அரசின் பறவையியல் ஆய்வு மையம் 1990 முதல் இயங்குகிறது. நம் பக்கத்து மேகமலையில் 1948இல் பிடிபட்ட ஒரு பழந்தின்னி வௌவால், வேறு சாதாரண இனத்தின் பெயரோடு பம்பாய்ச் சங்கத்தின் அலமாரியில் கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் ஒருவர் அதை எடுத்து மறுபடி பார்த்து, இது தனி இனம் என்று கண்டு, 1972இல் அதற்குச் சாலிம் அலியின் பெயரை வைத்தார்.