அச்சத்தை அளந்த அறிஞர்

தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வரும் வேளை. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நாக்கு வறள்கிறது, காலையில் உண்ட இட்டிலி வயிற்றில் கல்லாய்க் கிடக்கிறது. நாம் மட்டும்தான் இப்படிக் கோழையாக இருக்கிறோமோ என்று நமக்குள்ளேயே வெட்கப்படுகிறோம். இது கோழைத்தனம் அன்று, ஆபத்து வேளையில் உடல் நமக்குச் செய்யும் உதவி என்று ஆய்ந்து காட்டினார் ஓர் அறிஞர். அவர்தாம் வால்ட்டர் பிராட்ஃபோர்டு கேனன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் உள்ள பிரேரி டு ஷீன் என்னும் சிற்றூரில் 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் கேனன் பிறந்தார். சிறு வயதிலேயே அன்னையை இழந்தார். உலகுக்கு நல்லவனாக இரு என்பதே மரணப் படுக்கையில் அந்தத் தாய் மகனிடம் விட்டுச் சென்ற கடைசி விருப்பம். படிப்பில் மகனுக்கு அக்கறை இல்லை என்று கருதிய தந்தை, 14 வயதில் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி இரயில்வே அலுவலகத்தில் வேலைக்கு அனுப்பிவிட்டார். இரண்டு ஆண்டுகள் அங்கே கழிந்தன. படிப்பின் அருமை அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மீண்டும் பள்ளியில் சேர்ந்து, நான்காண்டுப் படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்தார். அவருடைய திறமையைக் கண்டுகொண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்படி தூண்டியவர் ஓர் ஆசிரியை. ஆசிரியரின் ஊக்கம் ஒரு மாணவனை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1896-இல் அவர் மருத்துவ மாணவரானார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. உணவு உடலுக்குள் எவ்வாறு செல்கிறது என்பதை அக்கதிரின் துணையால் காணலாமே என்று ஆசிரியர் சொல்ல, கேனன் அப்பணியில் இறங்கினார். பிஸ்மத் உப்பைக் கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்து, அவற்றின் இரைப்பை அலையலையாய் அசைவதைத் திரையில் பார்த்தார். அங்கேதான் ஒரு புதுமை நிகழ்ந்தது. பூனை கலவரமடைந்தபோதெல்லாம் இரைப்பையின் அசைவு சட்டென்று நின்றது. பூனை அமைதியுற்றதும் அசைவு மீண்டும் தொடங்கியது. மனத்தின் கலக்கம் வயிற்றை நிறுத்துகிறதே, ஏன்? இந்த ஒரு கேள்வி அவர் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. அவையே அட்ரினல் சுரப்பிகள். நாய் குரைப்பதைக் கேட்டு அஞ்சிய பூனையின் இரத்தத்தை, அச்சுரப்பிகளின் அருகிலிருந்து எடுத்தார் கேனன். அமைதியாக இருந்த பூனையின் இரத்தத்தில் ஆடிக்கொண்டிருந்த குடல் தசைத்துண்டு, அஞ்சிய பூனையின் இரத்தம் பட்டதும் ஆட்டத்தை நிறுத்தியது. அச்ச வேளையில் அட்ரினலின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது என்பதை 1911-இல் அவரும் டேனியல் டி லா பாஸ் என்பவரும் இவ்வாறு வெளிப்படுத்தினர்.

அட்ரினலின் சுரந்தால் என்ன நிகழும்? இதயம் விரைந்து துடிக்கும். கல்லீரலில் சேமித்த சர்க்கரை இரத்தத்தில் இறங்கும். வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, கை கால் தசைகளுக்குப் பாயும். காயம் பட்டால் இரத்தம் விரைவில் உறையும். எதிரியோடு போரிடவோ, தப்பி ஓடவோ உடல் இவ்வாறு ஆயத்தமாகிறது. இவற்றையெல்லாம் தொகுத்து 1915-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார்.

மாணவியராகிய நமக்குச் சுவையான செய்தி ஒன்று அந்த ஆராய்ச்சிகளில் உண்டு. கடினமான தேர்வு ஒன்றை எழுதி முடித்த ஒன்பது மருத்துவ மாணவர்களைச் சோதித்தபோது, நால்வரின் சிறுநீரில் சர்க்கரை காணப்பட்டது. எளிய தேர்வுக்குப் பின்னரோ ஒருவரிடம் மட்டுமே அது தென்பட்டது. 1913-இல் ஹார்வர்டு கால்பந்துக் குழுவினர் 25 பேரைச் சோதித்தபோது 12 பேரிடம் சர்க்கரை இருந்தது. அவர்களுள் ஐவர் களத்தில் இறங்காமல் ஓரத்தில் அமர்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள்! ஓடாமலே, உடல் ஓட்டத்துக்குத் தயாராகிவிட்டது.

முதல் உலகப் போரில் பிரான்சு சென்று, காயமுற்ற வீரர்களின் அதிர்ச்சி நிலையை ஆராய்ந்தார் கேனன். வெயிலானாலும் குளிரானாலும் உடல் தன் உள்நிலையைச் சமமாகக் காத்துக்கொள்ளும் அற்புதத்துக்கு ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயரிட்டவரும் அவரே. மனைவி கொர்னேலியா ஓர் எழுத்தாளர். புதுமணத் தம்பதியராய் 1901-இல் அவர்கள் ஏறிய மலைச் சிகரம் இன்றும் கேனன் மலை என்றே வழங்குகிறது.

எக்ஸ் கதிரின் தீங்கை எவரும் அறியாத நாளில் அவர் அதனோடு பழகினார். பிற்காலத்தில் அவரை வாட்டிய கொடிய தோல் நோய்க்கு அதுவே காரணம் எனக் கருதப்படுகிறது. 1945 அக்டோபர் 1-ஆம் நாள் அவர் கண்மூடினார். அன்னையின் விருப்பத்தை அவர் நிறைவேற்றிவிட்டார் என்றே நாம் சொல்வோம்.

அவர் இட்ட பாதையில் பிறரும் நடந்தனர். ஹான்ஸ் செலி என்பார் 1936-இல், ஓயாத நெருக்கடி உடலையே நலிவிக்கும் என்று காட்டினார். அதே அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதியில் சுரக்கும் கார்டிசால் நமக்கு இன்றியமையாதது. காலையில் நம்மைச் சுறுசுறுப்பாக்குவதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் கவலை வாரக்கணக்கில் நீண்டு, அச்சுரப்பு ஓயாதிருந்தால் தூக்கம் கெடும். நோய் எதிர்ப்பு ஆற்றல் குறையும். இரத்த அழுத்தம் உயரக்கூடும். அச்சம் வந்து போகும் விருந்தாளியாக இருக்கும்வரை நன்மை. வீட்டிலேயே தங்கிவிட்டால்தான் தொல்லை.

ஆகவே தோழியரே, தேர்வு நாளில் நெஞ்சு படபடத்தால் அஞ்ச வேண்டாம். உடல் துணைக்கு வந்திருக்கிறது என்று எண்ணி, ஆழ மூச்சு விட்டு, எழுதத் தொடங்குவோம். தேர்வு முடிந்த மாலையில் மைதானத்தில் ஓடி ஆடுவோம்; இரவில் நன்றாக உறங்குவோம். பெற்றோருக்கும் ஒரு சிறு விண்ணப்பம்: மதிப்பெண் பற்றிய கண்டிப்பைச் சாப்பாட்டு வேளையில் வைக்காதீர்கள். கலங்கிய மனத்தோடு உண்ட சோறு செரிக்காது என்பதை அன்றே கேனனின் பூனைகள் மெய்ப்பித்துவிட்டன!